தேடல் தளங்களுக்குப் பச்சை ஸ்டிக்கர்

அளவெடுக்கிற கருவிகளை அளந்து பார்ப்பதுதான், இன்டர்நெட் புதிதாக வந்த அந்த வருடங்களில் என் வேலை. ஒரகடத்துக்குப் போகிற வழியில், கார்களுக்கும் லாரிகளுக்கும் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனி. லைனில் நிற்பவர்கள் வெர்னியரையும் மைக்ரோமீட்டரையும் வைத்துப் பீஸ்களை அளப்பார்கள். அந்த வெர்னியரும் மைக்ரோமீட்டரும் ஒழுங்காக அளக்கின்றனவா என்று நான் பார்ப்பேன். அதற்கென்று ஒரு சின்ன ஏ.சி. அறை. அறையில் வெல்வெட் வைத்த பெட்டிக்குள் எஃகுக் கட்டிகள் இருக்கும். ஒவ்வொரு கட்டியின் அளவும் ஏற்கெனவே சந்தேகமில்லாமல் தெரியும். கருவியை அதன்மேல் வைத்தால் அந்த அளவைக் காட்ட வேண்டும். காட்டினால் பச்சை ஸ்டிக்கர். காட்டாவிட்டால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி மூலையில் போட்டுவிடுவேன், அது எவ்வளவு விலை உயர்ந்த கருவியாக இருந்தாலும்.

எதையும் சட்டென்று நம்பாத ஆள் என்று லைனில் எனக்குப் பேர். வீட்டிலும் அதே பேர்தான். குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று மனைவி சொன்னாலும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவேன். அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு வந்தவர்கள். படப்பையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரம்மா. அவர்களுடைய நிலம் பாதி மனைகளாகி, கல் நட்டு, வண்ணக்கொடி கட்டி நின்றது. மீதிப் பாதியில் இன்னும் நெல் போட்டார்கள். எங்கள் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுப்பு மேடையிலிருந்து எவர்சில்வர் தாம்பாளம் ஒன்று விழுந்தது. கீழே கட்டியிருந்த நாய் குரைத்தது. தரையில் உட்கார்ந்து டப்பா மூடியை உருட்டிக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்கவில்லை.

“ஏங்க, தட்டு விழுந்துச்சுல்லா. புள்ள திரும்பவே இல்ல, பாத்தியளா?” என்றாள் மனைவி.

“வெளையாட்டு மும்முரத்துல இருக்கா.”

மனைவி தாம்பாளத்தை எடுத்து, மகளின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, மறுபடி கீழே போட்டாள். நாய் மறுபடி குரைத்தது. டப்பா மூடி உருண்டுகொண்டே இருந்தது. அடுத்து நான் கை தட்டினேன். கதவை அறைந்தேன். ஒரு கருவியைச் சோதிக்கிற மாதிரி, பக்கத்திலிருந்தும் தூரத்திலிருந்தும் மாற்றி மாற்றிச் செய்தேன். மனைவி அழ ஆரம்பித்த பிறகுதான் நிறுத்தினேன்.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மகளுக்கு மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, தலையில் ஒயர் ஒட்டி, காதுக்குள் சத்தத்தை விட்டுப் பார்த்தார்கள். முடிவைச் சொன்ன டாக்டரம்மா நிதானமாகத்தான் பேசினார். “ரெண்டு காதுலயும் நரம்புல கோளாறு. மருந்து மாத்திரையில சரியாகாது. காதுக்கு மெஷின் வைக்கணும். பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிட்டு வரணும். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறீங்களோ அவ்வளவு நல்லது. தள்ளிப்போடாதீங்க.”

வெளியே வந்து தாம்பரம் பஸ்ஸில் ஏறினோம். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது உள்ளுக்குள். தொட்டால் இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். கண்டக்டர் இரண்டு தடவை டிக்கெட் கேட்டிருக்கிறார். மனைவிதான் வாங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். “அந்த டாக்டரம்மா சொல்லுதது நெசமாங்க?”

“பாக்கணும்,” என்றேன். “ஒரு மெஷின் காட்டினா போதுமா? அந்த மெஷின் சரியா இருக்கணும்லா. நெட்டுல பாத்துச் சொல்லுதேன்.”

“சரி, நீங்க பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா நான் செய்யுதேன்.”

அவள் பள்ளிக்கூடத்தோடு நின்றவள். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு. அதனால் நான் ‘பார்த்துச் சொல்கிற’ வரை மெஷினும் பயிற்சியும் நின்றன. நான் கையெழுத்துப் போடாமல் ஒரு கருவியும் என் அறையைவிட்டு லைனுக்குப் போகாதல்லவா, அதே கதைதான்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. ப்ளைவுட் தடுப்பு, பூப்போட்ட திரைச்சீலை, உள்ளே கம்ப்யூட்டர்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே போன் லைன். யாராவது அந்த நம்பருக்கு போன் போட்டால் எல்லோருடைய பக்கமும் பாதியில் நிற்கும். படம் உள்ள பக்கமென்றால் மேலிருந்து பட்டை பட்டையாக இறங்கும். மூக்கு வருவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். கடைக்காரர் உள்ளூர்க்காரர். சென்டர் நடத்துவது பேருக்கு, மனை விற்பதுதான் அவருக்கு உயிர். இணையத்தில் உட்கார வந்தவன் எவனும் மனை விலை கேட்காமல் இறங்க முடியாது.

“இன்னா சார், ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வுட்டாச்சா? கோயில் பின்னாடி சூப்பர் இடம் ஒண்ணு கீது. நாளைக்கு வந்து பாக்கறீங்களா?”

“எனக்கு மனை வேண்டாங்க. ஒரு விஷயம் தேடணும்.”

“அதுக்கு இன்னா, தேடிக்கினே இருங்க. மனை எங்கயும் போவாது.”

இன்று தேடுபொறி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அன்று அப்படி இல்லை. தேடுவதற்கு எங்கே போவது என்பதே முதல் கேள்வி. அந்தத் தளங்களின் பெயரைச் சொல்லிப் பயனில்லை, சில இன்று உயிரோடு இல்லை. நானே அவற்றுக்கு மனதுக்குள் பெயர் வைத்திருந்தேன்.

ஒன்று அலமாரி. யாரோ மனிதர்கள் உட்கார்ந்து பார்த்து, தரம் பிரித்து அடுக்கிய தளங்கள் அதில் இருக்கும். உடல்நலம் என்பதைத் திறந்தால் நோய்கள், அதைத் திறந்தால் உறுப்புகள், அதற்குள் காது என்று இழுப்பறை இழுப்பறையாக உள்ளே போக வேண்டும். எங்கள் ஸ்டோர் ரூம் மாதிரி ஒழுங்காக இருந்ததால் எனக்கு முதலில் அதைத்தான் பிடித்தது. ஆனால் காது என்ற இழுப்பறைக்குள் போனால் கைவிரலில் அடங்குகிற அளவுக்குத்தான் தளங்கள். பாதி திறக்கவில்லை. திறந்தவை வேறு தேசத்துப் பள்ளிக்கூடங்களின் முகவரிகள்.

இரண்டாவது அள்ளிக்கொட்டி. ஒரு சொல்லை அடித்தால் உலகத்தில் அந்தச் சொல் எங்கெல்லாம் இருக்கிறதோ அதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து கொட்டும். காது கேளாமைக்கான ஆங்கிலச் சொல்லை அடித்தேன். செவிட்டு நாயை வளர்ப்பது எப்படி, ஒரு பாட்டுக் குழு, யாரோ ஒருவர் அரசாங்கத்தின் செவிட்டுத்தனத்தைத் திட்டி எழுதியது என்று வந்து விழுந்தது.

“ப்ளஸ் போட்டு அட்ச்சுப் பாருங்க சார்,” என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து கடைக்காரர் சொன்னார். “ரெண்டு வார்த்தையும் கண்டிப்பா வரும். வோணாங்கறத்துக்கு மைனஸ்.”

மைனஸ் போட்டு நாயைக் கழித்தேன். நாய் போனது, பூனை வந்தது.

மூன்றாவதுக்கு வாத்தியார் என்று பெயர். சொல்லாக இல்லாமல், ஒரு முழுக் கேள்வியாகக் கேட்க வேண்டும். என் மகளுக்குக் காது கேட்குமா என்று தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அது பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்டது. நீங்கள் கேட்க விரும்புவது, காது மெஷின் எங்கே வாங்கலாம் என்பதா? மகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அட்டை எங்கே கிடைக்கும் என்பதா? அந்த வாத்தியாரைப் பார்த்துச் சிரிக்கத் தோன்ற வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. விண்டோவை மூடினேன்.

நான்காவதைக் காட்டியது கடைக்காரர்தான். “இன்ஜினீரிங் காலேஜ் பசங்க இத்தத்தான் சார் இப்ப தட்டறானுங்க,” என்று வந்து எழுதிக் காட்டினார். திறந்தால் ஒன்றுமே இல்லை. வெள்ளைப் பக்கம், நடுவில் ஒரு கட்டம். விளம்பரம் இல்லை, செய்தி இல்லை, ராசிபலன் இல்லை. கட்டி முடிக்காத வீட்டைக் காட்டி விற்கப் பார்க்கிறாரோ என்று சந்தேகமாகக்கூட இருந்தது.

நான்கு கருவிகள், ஒரே பீஸுக்கு நான்கு விதமான அளவு காட்டுகின்றன. இதில் எதை நம்புவது? இந்த இடத்தில் என் தொழில் எனக்குக் கைகொடுத்தது என்றுதான் நினைத்தேன். பதில் ஏற்கெனவே நிச்சயமாகத் தெரிந்த ஒரு கேள்வியை எல்லாவற்றிடமும் கேட்பது. எட்டு மில்லிமீட்டர் போல்ட்டின் சாதாரண மரையில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி எவ்வளவு? ஒன்றேகால் மில்லிமீட்டர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அலமாரியில் அந்த இழுப்பறையே இல்லை. அள்ளிக்கொட்டி சொன்னது, ஆனால் மூன்று பக்கம் தள்ளி, ஒரு நட்டு வியாபாரியின் விலைப்பட்டியலுக்குக் கீழே. வாத்தியார், போல்ட் வாங்குகிறீர்களா என்றார். வெள்ளைப் பக்கம் முதல் வரியிலேயே ஒன்றேகால் என்று காட்டிவிட்டது.

அன்று மதியம் அந்தத் திரைக்குள் உட்கார்ந்து மனதுக்குள் அதற்கு ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன். பல நாட்களுக்குப் பிறகு உடம்பில் ஏதோ ஒன்று லேசாக அசைந்த மாதிரி இருந்தது. சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். வேலை ஒழுங்காக நடந்தால் வருகிற ஒரு அமைதி.

அதே கட்டத்தில் மகளின் ரிப்போர்ட்டில் இருந்த ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அடித்தேன். முதல் பக்கம் வந்தது. ஏதோ ஒரு தேசத்து ஆஸ்பத்திரி, பெற்றோருக்காக எளிமையாக எழுதியது. நரம்பு சம்பந்தமானது, மருந்தால் சரியாகாது, மெஷின் வைக்க வேண்டும், சீக்கிரம் பயிற்சி தொடங்க வேண்டும். டாக்டரம்மா சொன்னதை அப்படியே யாரோ டைப் அடித்து வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே, பிள்ளைக்குக் கேட்காது என்று நினைத்துப் பேசுவதை நிறுத்திவிடாதீர்கள், முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருங்கள் என்று தடித்த எழுத்தில் இருந்தது. இரண்டாவது பக்கமும் அதையேதான் சொன்னது. மூன்றாவதும் அதுதான். பேசுங்கள், பேசுங்கள், பேசுங்கள். நான் கேட்டது கேட்குமா கேட்காதா என்று. இவர்கள் வேறு எதையோ சொல்கிறார்கள் என்று அந்த வரிகளைத் தாண்டித் தாண்டிப் போனேன்.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றாள். “என்ன போட்டுருக்கு?”

“இன்னும் பாக்கணும்.”

மறுநாள் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. சின்ன அளவில் சரியாகக் காட்டுகிற கருவி பெரிய அளவில் தப்பாகக் காட்டலாம். அதனால்தான் ஒரே கருவியைப் பல கட்டிகளில் வைத்துப் பார்க்கிறோம். போல்ட்டில் சரியாகச் சொன்னது வைத்தியத்தில் சரியாகச் சொல்லும் என்று என்ன நிச்சயம்? ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக மாடி ஏறினேன். எனக்கு வந்து போன மஞ்சள் காமாலையைக் கேட்டேன். சரியாகச் சொன்னது. மனைவிக்கு வந்த அம்மையைக் கேட்டேன். அதையும் சரியாகச் சொன்னது. எதைக் கேட்டாலும் சரியாகச் சொன்னது. மகளைக் கேட்டால் மட்டும் அதே முதல் பக்கம் வந்து நின்றது.

வெள்ளைப் பக்கத்தின் மேல் எனக்கு வந்த வெறுப்பைச் சொல்லி முடியாது. ஆத்திரத்தில் கீபோர்டைத் தட்டியதில் கடைக்காரர் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார்.

“மெதுவா சார். அது இன்னா பாவம் பண்ணுச்சு?”

எங்கள் லைனில் ஒரு தில்லுமுல்லு உண்டு. பீஸ் கொஞ்சம் தடிமனாகப் போய்விட்டால், வெர்னியரின் தாடையை விரலால் அழுத்திப் பிடித்து அளப்பார்கள். அழுத்த அழுத்த அளவு குறைவாகக் காட்டும். எந்தப் பீஸும் பாஸாகிவிடும். யார் அப்படி அழுத்துகிறார்கள் என்று தாடையின் தேய்மானத்தைப் பார்த்தே நான் கண்டுபிடித்துவிடுவேன். கூப்பிட்டு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டும் விடுவேன்.

அப்படிப்பட்ட நான், மகளின் ரிப்போர்ட்டில் இருந்த சொற்களுக்குப் பக்கத்தில் ‘குணமாகும்’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லைச் சேர்த்து அடித்தேன். பக்கங்கள் மாற ஆரம்பித்தன. ‘அதிசயம்’ என்பதைச் சேர்த்தேன். இன்னும் மாறின. பிறகு வெள்ளைப் பக்கத்தை விட்டுவிட்டு, போல்ட் கேள்வியில் தவறிப்போன அள்ளிக்கொட்டியிடம் அதே சொற்களைக் கொடுத்தேன். அது கொட்டிய குவியலில் நாலைந்து பக்கம் தள்ளி ஒன்று கிடைத்தது. வெளிநாட்டில் ஒரு சிகிச்சை நிலையம். நரம்புச் செவிடு எங்களிடம் குணமாகும். கத்தி இல்லை, மெஷின் இல்லை. சிரிக்கிற குழந்தை ஒன்றின் படம் பட்டை பட்டையாக இறங்கியது. அந்தக் குழந்தையின் காது வருகிறவரை ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மனைவியிடம் போய்ச் சொன்னேன். “இருக்கு. ஃபாரின்ல ஒரு எடத்துல சரி பண்ணுதாங்களாம். மெயில் போட்டுருக்கேன். பதில் வரட்டும்.”

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. உடனே அதைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டாள். “அப்ப மெஷின் வேண்டாமா?”

“பதில் வரட்டும்னு சொல்லுதம்லா.”

பதில் வரவில்லை. வாரங்கள் போயின. ஷிஃப்ட் மாறும், தூங்குகிற வேளை மாறும், நான் மாடி ஏறி மெயிலைத் திறப்பது மட்டும் மாறாது. மகள் நடக்க ஆரம்பித்திருந்தாள். நான் வீட்டுக்கு வரும்போது என் கால் பக்கத்தில் வந்து நிற்பாள். தூக்கிக்கொள்வேன். டிவி ஓடும். மனைவி ஏதாவது கேட்பாள், நான் ‘ம்’ கொட்டுவேன். அந்த நாட்களைப் பற்றிச் சொல்வதற்கு என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், வேலைக்குப் போனேன். லைனில் ஒருவன் ஜோக் சொன்னால் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு நானும் சிரித்தேன். மனசு மரத்துப்போனவனுக்கு ஒரு வசதி உண்டு, யாருக்கும் அது தெரியாது.

வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும் பொறுக்கவில்லை. ஒரு நாள் படியேறும்போது அவர்கள் மனைவியிடம் சத்தம் போடுவது காதில் விழுந்தது.

“டாக்டரு சொல்லிக்கீறாரு இல்ல? அப்பறம் இன்னாத்துக்கும்மா குந்திக்கினு கீற? உன் வூட்டுக்காரரு கம்ப்யூட்டர்ல பாத்துக்கினே இருக்கட்டும். புள்ளைக்கு வயசு நின்னுக்கினா கீது?”

“அவுக பாத்துச் சொல்லுதேன்னாங்க, அக்கா.”

“சொல்றப்ப சொல்லட்டும். நாளைக்கு நான் வரேன் உன்கூட. தாம்பரம் பஸ்ஸு தெரியாதா எனக்கு?”

நான் படியில் நின்றுவிட்டேன். உள்ளே போய்ப் போகாதே என்று சொல்லியிருக்கலாம். போ என்றும் சொல்லியிருக்கலாம். செருப்பைச் சத்தமாகக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

ஒரு நாள் மதியம் அந்தப் பதில் வந்தது. என் பெயர்கூட அதில் இல்லை. அன்புள்ள வாடிக்கையாளரே என்று ஆரம்பித்து, நான் எழுதியதில் ஒரு வரிக்கும் பதில் சொல்லாமல், ஏதோ ஒரு சொட்டு மருந்து பாட்டிலின் படத்தைப் போட்டிருந்தார்கள். தலைவலி, முடி கொட்டுதல், காது, எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டில். என் அறைக்கு இப்படி ஒரு கருவி வந்தால் கையில் எடுத்த மாத்திரத்தில் மூலையில் போட்டிருப்பேன். அளந்துகூடப் பார்த்திருக்க மாட்டேன்.

அந்த மெயிலை இரண்டு முறை படித்தேன். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தால் சாதாரணமாக அடித்துக்கொண்டிருந்தது. இடிந்து போய்விடுவேன் என்று எதிர்பார்த்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. பக்கத்துத் திரைக்குள் யாரோ பரீட்சை ரிசல்ட் பார்த்துவிட்டுக் கத்தினார்கள். போன் லைன் கட்டாகி, பாட்டில் படம் அப்படியே உறைந்து நின்றது.

“இன்னா சார், கெட்சுதா?” என்று கேட்டார் கடைக்காரர், நான் எழுந்து வந்ததும்.

“இல்லைங்க.”

அவர் மனையைப் பற்றிப் பேச வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “போய் ரெஸ்ட் எடுங்க சார்,” என்று மட்டும் சொன்னார். அந்த மனிதர் என்னிடம் மனை விற்கப் பார்க்காத ஒரே நாள் அதுதான்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. கூடத்தில் மனைவி சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே, முகத்துக்கு முகமாக, மகள். மகளின் நெஞ்சில் ஒரு சின்னத் துணிப்பை தொங்கியது. அதற்குள் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு டப்பா, அதிலிருந்து இரண்டு ஒயர் காதுக்குப் போயின. துணிப்பை என் பழைய யூனிபார்ம் சட்டையில் தைத்தது, நீல நிறம். பயிற்சி நிலையத்தில் இரவலாகக் கொடுத்த மெஷின் என்று மனைவி பிறகு சொன்னாள். வீட்டுக்காரம்மாவோடு அவள் பல தடவை போய் வந்துவிட்டிருந்தாள். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மகளின் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு மனைவி “அம்மா” என்றாள். பிறகு அந்தக் கையை மகளின் தொண்டையிலேயே வைத்தாள். மகள் வாயைத் திறந்தாள், காற்று வந்தது. மனைவி மறுபடியும் “அம்மா” என்றாள். சலிப்பே இல்லாமல் அதையே செய்துகொண்டிருந்தாள்.

“பதில் வந்துச்சு,” என்றேன். “அது சரிப்படாது. டாக்டரம்மா சொன்னதுதான் சரி.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. “தெரியும்.”

“எப்படி?”

“நீங்க சொல்லாததுலயே தெரிஞ்சிட்டு.” பிறகுதான் திரும்பினாள். கோபம் இல்லை, களைப்புதான். “அங்க டீச்சர் ஒண்ணு கேட்டாங்க. வீட்ல அப்பா புள்ளகிட்ட நல்லா பேசுவாங்களான்னு. நான் பேசுவாங்கன்னு பொய் சொல்லிட்டேன்.”

“நான் பேசாமலா இருக்கேன்?”

“எப்பம் பேசுனிய? அந்தத் தட்டு விழுந்த அன்னைல இருந்து அவகிட்ட ஒரு வார்த்த பேசிருக்கியளா? தூக்குதிய, எறக்கி விடுதிய. வாய் தொறக்கல.”

மறுத்துப் பேசத்தான் வாயெடுத்தேன். யோசித்துப் பார்த்தேன். அவள் அளவு சரியாகத்தான் இருந்தது. நான்கு தளங்களிடமும் தினமும் மகளைப் பற்றியே பேசியிருக்கிறேன், விதவிதமான சொற்களில், ப்ளஸ் போட்டு, மைனஸ் போட்டு. அவளிடம் ஒன்றும் பேசவில்லை. கேட்காது என்று ஆன பிறகு எதற்கு என்று என் வாய் தானாகவே முடிவெடுத்திருக்கிறது, என்னைக் கேட்காமல்.

மனைவி எழுந்து இடம் விட்டாள். நான் அவள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தேன். மகள் என் முகத்தைப் பார்த்தாள். அவளாகவே கையை நீட்டி என் தொண்டையில் வைத்தாள், ஈரக் கை, பிஸ்கட் பிசுபிசுப்போடு. அம்மாவிடம் பழகியதை என்னிடமும் எதிர்பார்த்தாள். எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. அவள் கை அங்கேயே இருந்தது.

“ஏட்டி, சாப்ட்டியா?” என்றேன் கடைசியில்.

அவள் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். கையைப் பார்த்தாள். மறுபடி வைத்தாள்.

அந்த வீட்டில், அந்த மதியத்தில், மரத்துப்போன இடத்தில் முதன்முதலாக வலித்தது. வலியோடு பேச ஆரம்பித்தேன். கம்பெனி பஸ் லேட் என்றேன். கேண்டீன் சாம்பார் தண்ணி மாதிரி இருந்தது என்றேன். உன் அம்மா என் சட்டையைக் கிழித்துப் பை தைத்திருக்கிறாள், அதை நீதான் கேட்க வேண்டும் என்றேன். குரல் உடைந்துபோன இடங்களில் அவள் இன்னும் அழுத்திப் பிடித்தாள். பேசுவதற்கு மேற்கொண்டு ஒன்றும் இல்லாமல் நான் நிறுத்தியதும், ஓடாமல் நின்ற ரேடியோவைத் தட்டுவது போல் உள்ளங்கையால் என் தொண்டையைத் தட்டினாள்.

“நிப்பாட்டாதிய,” என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.